பழைய இடத்தில் வைக்கிறவன்

ஒரு விடுகதை போடட்டுமா அண்ணாச்சி? அருப்புக்கோட்டை வர இன்னும் நேரம் இருக்கிறது. முதலில் உட்காருங்கள், அந்த சீட்டுக்கு ஆள் வராது. கண்டக்டர் ஒன்றும் சொல்ல மாட்டார். இரண்டு டிக்கெட்டும் என்னிடம்தான் இருக்கிறது. ஒரு முழு டிக்கெட், ஒரு அரை டிக்கெட். அரை டிக்கெட்டில் நீங்கள் உட்கார்ந்தால் குடிமுழுகிப் போய்விடாது.

விடுகதை இதுதான். வீட்டில் ஒரு வேலைக்காரன். சம்பளம் கிடையாது, சாப்பாடு கிடையாது. அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து வீட்டைச் சுற்றிப் பார்ப்பான். நீங்கள் எதையாவது இடம் மாற்றி வைத்திருந்தால், எடுத்துப் பழைய இடத்தில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வான். ஏன் மாற்றினாய் என்று கேட்க மாட்டான். கோபப்பட மாட்டான். எத்தனை தடவை மாற்றினாலும் அத்தனை தடவையும் எடுத்து வைப்பான். அவன் யார்?

வீட்டுக்காரியா? நீங்கள் மட்டும் இல்லை அண்ணாச்சி, கேட்கிற ஆம்பிளைகள் எல்லோரும் சிரித்துக்கொண்டே அதைத்தான் சொல்கிறார்கள். என் மகளும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னாள். அவள் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

விடை உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயம் இல்லை. அது என் வேலையில் இருக்கிறது. கோயம்புத்தூரில் ஒரு இன்ஜினியரிங் காலேஜில் கம்ப்யூட்டர் லேப்களைப் பார்த்துக்கொள்கிறேன். சிஸ்டம் அட்மின் என்பார்கள். பாடம் நடத்துகிறவன் இல்லை. பாடம் நடக்கிற மெஷின்கள் காலையில் ஒழுங்காக எழுந்திருக்கின்றனவா என்று பார்க்கிறவன். எங்கள் லேப் முழுக்க லினக்ஸ். விலை கொடுத்து வாங்க வேண்டாம் என்பதால் மட்டும் இல்லை. இந்த பஸ்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். பானெட்டைத் திறந்து உள்ளே பார்க்கலாம், உங்களுக்குத் தேவையானபடி மாற்றிக்கொள்ளலாம், யாரும் கேட்க மாட்டார்கள் என்றால் எப்படி இருக்கும்? லினக்ஸ் அப்படி. யார் வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். அதுதான் அதில் எனக்குப் பிடித்தது.

ஆனால் லேப் என்று வந்தால் யார் வேண்டுமானாலும் மாற்றக் கூடாதே. காலையில் ஒருத்தன் எழுத்தைப் பெரிதாக்கி வைத்துவிட்டுப் போவான். அடுத்து வருகிறவன் மொழியையே மாற்றி வைப்பான். முன்னெல்லாம் நான் ஒவ்வொரு மெஷினாகக் குனிந்து குனிந்து சரி செய்வேன். பிறகு அந்த வேலைக்காரனை வைத்துக்கொண்டேன். கன்ஃபிகரேஷன் டூல் என்று பெயர். அதற்கு நீ இதைச் செய், அதைச் செய் என்று சொல்ல வேண்டாம். மெஷின் எப்படி இருக்க வேண்டும் என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் போதும். இந்தப் படம் திரையில் இருக்க வேண்டும், இந்த எழுத்து இருக்க வேண்டும், நான் எழுதாதது எதுவும் இருக்கக் கூடாது. அது அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து, இருப்பதையும் இருக்க வேண்டியதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும். ஒரு புள்ளி வித்தியாசம் இருந்தாலும் சரி செய்துவிடும். வித்தியாசம் இல்லை என்றால் ஒன்றும் செய்யாமல் படுத்துக்கொள்ளும்.

பையன்கள் என்னிடம் வந்து மல்லுக்கு நிற்பார்கள்.

"சார், காலைல வச்ச தலைவர் படம் மத்தியானம் காணோம்."

"எலெக்‌ஷன்ல தோத்துட்டாருடா. போய் உக்காரு."

"எட்வின் சார் வீட்டுல பூனகூட நேரா நடக்கும்டா," என்று பின்னால் போய்ச் சொல்வார்கள். எனக்குக் கேட்கும். சொல்லட்டும். எங்கள் வீட்டில் பூனை கிடையாது.

என் வீட்டுக்காரி பெயர் கிருபா. தூத்துக்குடிக்காரி. வீட்டிலேயே டி.டி.பி. வேலை செய்தாள். கல்யாணப் பத்திரிகை, சபைக்குப் பாட்டுத்தாள், ஸ்கூல்களுக்குப் பரீட்சைக் கேள்வித்தாள். அவளுக்கென்று ஒரு கம்ப்யூட்டர், அதிலும் லினக்ஸ்தான் போட்டுக் கொடுத்திருந்தேன். "உங்க காலேஜ் வேலைக்காரனை இந்தப் பக்கம் அனுப்பாதீங்க, நான் எதை எங்க போடணும்னு எனக்குத் தெரியும்," என்று சொல்லி வைத்திருந்தாள். நானும் அனுப்பவில்லை.

அவள் திரையில் ஒரு படம் வைத்திருந்தாள். தூத்துக்குடியை விட்டு வரும்போது ஜன்னலில் பார்த்தீர்களே, உப்பளம், வெள்ளையாகக் குவித்து வைத்திருப்பார்களே, அதுதான். அவளே போனில் எடுத்தது. கொஞ்சம் சாய்ந்திருக்கும். ஓரத்தில் அவள் கட்டைவிரல் நுனி மங்கலாக விழுந்திருக்கும். இதைப் போய் வைத்திருக்கிறாயே, விரல் தெரிகிறது என்று நான் சொல்லியிருக்கிறேன். "விரல் இருந்தாத்தானே நான் எடுத்ததுன்னு தெரியும்," என்பாள்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு, கேஸை மூடினீங்களா என்று கேட்டுவிட்டுப் போனவள். திரும்பி வரவில்லை. அதை விடுங்கள்.

நான் சொல்ல வந்தது கம்ப்யூட்டர் விஷயம்.

என் மகள் லிடியாவுக்கு அப்போது ஒன்பது வயது. ஸ்கூல் விட்டு வந்தால் பக்கத்து வீட்டு சரோஜாக்கா பார்த்துக்கொள்வார்கள், ஆனால் இவள் எங்கள் வீட்டைத் திறந்துகொண்டு அம்மா நாற்காலியில் போய் உட்கார்ந்துவிடுவாள். ஒரு நாள் நான் வேலை முடிந்து வருகிறேன். திரையில் உப்பளத்தைக் காணோம். குடை பிடித்த பூனை ஒன்று நிற்கிறது, இவள் வரைந்தது. கிருபா இடது பக்கம் வரிசையாக வைத்திருந்த ஃபோல்டர்கள் எல்லாம் கலைந்து கிடக்கின்றன. பாட்டுத்தாள் ஃபோல்டர் பூனையின் வால் மேல் கிடக்கிறது.

நான் திட்டவில்லை அண்ணாச்சி. பிள்ளையைத் திட்டுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. அவளைச் சாப்பிட அனுப்பிவிட்டு உட்கார்ந்து எழுதினேன். கிருபா ஆஸ்பத்திரிக்குப் போன அன்று அந்த மெஷின் எப்படி இருந்ததோ அப்படி. அன்றைய நகல் என்னிடம் இருந்தது. எந்தப் படம், எந்த ஃபோல்டர் எங்கே, எழுத்து எவ்வளவு பெரிது, எல்லாம். எழுதி முடித்து, வேலைக்காரனை உள்ளே விட்டேன். உப்பளம் வந்தது. விரலும் வந்தது. மற்ற போட்டோக்களில் அவள் முகம் இருக்கிறது, உண்மைதான். ஆனால் இது ஒன்றில்தான் அவள் பார்த்தது இருக்கிறது. அன்றைக்குத்தான் எனக்குத் தூக்கம் வந்தது.

லிடியாவிடம் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? லேப்பில் பையன்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தா சொல்கிறேன்?

அவள் மறுபடி பூனையை வரைந்து வைத்திருக்கிறாள். அரை மணியில் உப்பளம் வந்துவிட்டது. ஒரு பறவை வரைந்து வைத்திருக்கிறாள். அதுவும் போய் உப்பளம் வந்துவிட்டது. வீட்டில் அந்த நேரத்தில் யாரும் இல்லை. நான் காலேஜில் இருக்கிறேன். பிள்ளை என்ன நினைக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

எனக்குத் தெரிந்ததெல்லாம், பிள்ளை தேறிவிட்டாள் என்பதுதான். அதுவரை சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பாள். இப்போது தட்டைக் காலி செய்தாள். தலையை அவளே பின்னிக்கொண்டாள், கோணலாகத்தான், ஆனாலும் பின்னினாள். நான் வரும்போது நாற்காலியில் காலை மடக்கி வைத்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருப்பாள். என்ன பார்க்கிறாய் என்றால், "ஒண்ணுமில்லப்பா, இப்ப வரும்," என்பாள். ஏதோ விளையாட்டு என்று விட்டுவிட்டேன். சமையற்கட்டில் அவள் பாடுகிற சத்தம்கூடக் கேட்டது.

சமையற்கட்டு என்றதும் ஞாபகம் வருகிறது. சீனி டப்பாவை இவள் கீழ்த்தட்டில் வைத்துவிடுவாள், எட்டவில்லையாம். கிருபா வைத்த இடம் மேல்தட்டு. நான் எடுத்து மேலே வைத்துவிடுவேன். இவள் ஸ்டூல் போட்டு ஏறி எடுத்து மறுபடி கீழே வைப்பாள். நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. எடுத்து மேலே வைத்துவிடுவேன், அவ்வளவுதான்.

பிறகு அவள் ஸ்கூலிலிருந்து செலின் மிஸ் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. லிடியா கிளாஸ்ல எல்லார்கிட்டயும் அவங்க அம்மா சாயங்காலம் கம்ப்யூட்டருக்கு வர்றாங்கன்னு சொல்றா."

"எந்தக் கம்ப்யூட்டருக்கு?"

"வீட்டுக் கம்ப்யூட்டருக்கு. இவ எந்தப் படத்தை வச்சாலும் அம்மா அவங்களுக்குப் பிடிச்ச படத்தைத் திருப்பி வச்சிடுறாங்களாம். இவ வரைஞ்சு வைக்கிறதையெல்லாம் எடுத்துக்கிறாங்களாம். பிள்ளைங்க கேலி பண்ணுது. இவ அழமாட்டேங்குறா சார். உங்களுக்கு வர்ற அம்மா இருக்காங்களா, எனக்கு இருக்காங்கன்னு சண்டைக்குப் போறா. கொஞ்சம் பக்குவமா பேசுங்க."

பக்குவமாகத்தான் பேசினேன் அண்ணாச்சி. நீங்களே சொல்லுங்கள். அன்றைக்கு லீவு போட்டுவிட்டு, அவளுக்குப் பிடித்த பப்ஸ் வாங்கிக்கொண்டு போனேன். எடுத்த எடுப்பில் சொல்லாமல், விளையாட்டாக ஆரம்பிப்போம் என்று விடுகதை போட்டேன். உங்களிடம் போட்டேனே, அதே விடுகதை. அவளுக்காகத்தான் அதை உண்டாக்கினேன்.

கேட்டு முடிக்கவில்லை, அவள் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. எனக்கும் தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள் போல. பப்ஸைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் வந்து மெதுவாக, "அம்மா," என்றாள்.

"இல்ல லிடி. டூல்," என்றேன்.

புரியவில்லை. பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு காட்டினேன். புதிதாக வேலைக்கு வருகிற ஆளுக்குக்கூட நான் அவ்வளவு பொறுமையாகச் சொல்லிக் கொடுத்ததில்லை. இதோ பார், இந்த வரியில் உப்பளம் என்று எழுதியிருக்கிறது. இப்போது நீ ஒரு பூனை வரைந்து வை. வைத்தாயா? இப்போது அரை மணி காத்திருக்க வேண்டாம், நானே அதை எழுப்புகிறேன். பார், பூனை போய்விட்டது. உப்பளம் வந்துவிட்டது. அறையில் நீயும் நானும்தான் இருக்கிறோம், வேறு யாராவது வந்தார்களா? இன்னொரு தடவை செய்து பார்ப்போமா?

இன்னொரு தடவை வேண்டாம் என்றாள்.

"அப்ப என் படத்தையெல்லாம் எடுத்தது நீங்களாப்பா?"

"நான் இல்ல லிடி. டூல் எடுத்துச்சு."

"டூலுக்கு யார் சொன்னா?"

"நான்தான் எழுதி வச்சேன்."

"எடுத்த படமெல்லாம் எங்க?"

பிள்ளையிடம் பொய் சொல்லக் கூடாது. "எங்கயும் இல்ல. அழிஞ்சிடும்," என்றேன். "லேப்லயும் அப்படித்தான். ஸ்கிரீன்ல எதையும் வச்சிட்டுப் போகாதீங்கன்னு அங்க சுவத்துல ஒட்டியிருக்கேன்."

"நான் அம்மா எடுத்துக்கிட்டாங்கன்னு நினைச்சேன்," என்றாள்.

அதில் ஒரு படம் நானும் பார்த்திருக்கிறேன். அதற்கு முந்தின வாரம் சீக்கிரம் வந்தபோது திரையில் இருந்தது. உப்பளப் படத்தை எடுத்து அதன் மேலேயே வரைந்திருந்தாள். ஓரத்தில் கிருபாவின் கட்டைவிரல் இருக்கிறதே, அதை ஒரு சின்னப் பெண் எட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். சிவப்புப் பாவாடை. நான் போய் முகம் கழுவிவிட்டு வருவதற்குள் டூல் வந்துவிட்டது. பழையபடி வெறும் உப்பளம்.

லிடியா அன்றைக்கு அதைத்தான் கேட்டாள். பூனை வேண்டாம், பறவை வேண்டாம், அந்தப் படத்தை மறுபடி வரைகிறேன், அதை மட்டும் வைக்கச் சொல்லி டூலிடம் எழுதுவீர்களா என்று. ஒரு வரிதான் அண்ணாச்சி. ஒரு வரியை மாற்றினால் போதும், அது எனக்குத் தெரியாதா? ஆனால் ஒன்றை விட்டுக் கொடுத்தால் நாளைக்கு இன்னொன்று நகரும். அதற்கு அடுத்த நாள் இன்னொன்று. கொஞ்சம் கொஞ்சமாக எல்லாம் நகர்ந்து, கடைசியில் அந்த மெஷினில் கிருபா வைத்தது என்று எதுவுமே இருக்காது. என் வேலையில் இதை எத்தனை பார்த்திருக்கிறேன்.

"அம்மா எடுத்த படத்துல கை வைக்கக் கூடாது லிடி. உனக்கு இதே கம்ப்யூட்டர்ல தனியா ஒரு கணக்குத் திறந்து தர்றேன். அதுல நீ என்ன வேணா வச்சுக்கோ, யாரும் எடுக்க மாட்டாங்க."

"அதுல அம்மா விரல் இருக்காதே," என்றாள்.

திறந்து கொடுத்தேன். நல்லதாகவே அமைத்துக் கொடுத்தேன். அவள் அதற்குள் ஒரு தடவைகூடப் போகவில்லை. அந்த அறைக்கே போகவில்லை. சீனி டப்பாவைக்கூட அதற்குப் பிறகு கீழே இறக்கவில்லை, சீனியில்லாமலே பால் குடித்தாள். வீடு அவ்வளவு ஒழுங்காக இருந்தது.

பெரிய லீவுக்கு கிருபாவின் தங்கை ஜாஸ்மின் வந்து தூத்துக்குடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். லீவு முடிந்தது. "இந்த ஒரு வருஷம் இங்க இருக்கட்டும் அத்தான், எங்க பிள்ளைங்ககூடப் படிக்கட்டும்," என்றாள். சரி என்றேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் வீடியோவில் பேசுவோம். சாப்பிட்டியா, சாப்பிட்டேன். படிக்கிறியா, படிக்கிறேன். அந்த மாதிரி.

வருஷம் முடிந்துவிட்டது. இனிமேல் என்னோடுதானே இருக்க வேண்டும்? கோயம்புத்தூரில் பழைய ஸ்கூலிலேயே பேசி இடம் வாங்கிவிட்டேன். அவள் அறைக்குப் புது மேசை போட்டேன். போன ஞாயிற்றுக்கிழமையே, அப்பா கூட்டிட்டுப் போக வர்றேன், பையைக் கட்டி வை என்று சொன்னேன். கட்டியும் வைத்திருந்தாள். நான் நேற்று வந்து இறங்கும்போது அவள் பை வாசல் பக்கத்தில் இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு எப்படி இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. உடனே போனை எடுத்து இந்த இரண்டு சீட்டையும் போட்டுவிட்டேன். அவளுக்கு ஜன்னல் பிடிக்கும் என்று நீங்கள் உட்கார்ந்திருக்கிற சீட்டை.

நன்றாக வளர்ந்திருக்கிறாள். ஓடி வந்து கட்டிக்கொண்டாள், அதில் குறை சொல்லக் கூடாது. ஜாஸ்மின் வீடு கொஞ்சம் கலைந்த வீடு. ஃபிரிட்ஜ் கதவு முழுக்க லிடியா வரைந்த படங்கள். ஒன்றன் மேல் ஒன்று, தலைகீழாகச் சில, மாவுக் கை பட்டுச் சில. பேசிக்கொண்டே நான் அதையெல்லாம் எடுத்து நேராக்கி வரிசையாக ஒட்டினேன். கை சும்மா இருக்காதே. லிடியா வந்து பார்த்தாள். ஒரு படத்தை மட்டும் எடுத்துச் சாய்த்து ஒட்டிவிட்டுப் போனாள். நடுவில் இருந்த படம். உப்பளம், சிவப்புப் பாவாடை, விரல். மறுபடி வரைந்திருக்கிறாள். போட்டோ இல்லாததால் விரலையும் அவளே வரைந்திருந்தாள். கொஞ்சம் பெரிதாக வந்துவிட்டது.

இன்று காலை கிளம்புகிற நேரம். ஜாஸ்மினுக்கு மனசு கேட்கவில்லை. "நான் கேட்டுடுறேன் அத்தான். பிள்ளை வாயால சொல்லட்டும்," என்றாள். தாராளமாகக் கேள் என்றேன். பிள்ளையின் இஷ்டத்துக்கு நான் எப்போதாவது குறுக்கே நின்றிருக்கிறேனா?

"சொல்லு மக்கா. அப்பாகூடப் போறியா, சித்திகூட இருக்கியா? எதுன்னாலும் யாரும் கோவிக்க மாட்டோம்."

லிடியா என்னைத்தான் பார்த்தாள்.

"வீட்டுல அது இன்னும் ஓடுதாப்பா?"

எது என்று நான் கேட்கவில்லை. அவள் அதை மறக்காமல் கேட்டது எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. "ஓடுது லிடி. நிறுத்தவே இல்ல," என்றேன். உண்மைதான் அண்ணாச்சி. நாம் இங்கே பேசிக்கொண்டிருக்கும்போதே பூட்டின வீட்டில் ஒரு தடவை எழுந்து பார்த்திருக்கும். எதுவும் மாறவில்லை என்று படுத்திருக்கும். மாற்ற அங்கே யார் இருக்கிறார்கள்?

"அப்படியேவா இருக்கு?"

"அப்படியே இருக்கு. ஒரு புள்ளிகூட மாறல. அம்மா வச்ச மாதிரியே. வந்து பாரேன்."

வேறு ஏதாவது சொல்லியிருக்க வேண்டுமோ? புது மேசையைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். அது எனக்குத் தோன்றவில்லை. ஏறினதிலிருந்து அதைத்தான் யோசித்துக்கொண்டு வருகிறேன், மேசையைப் பற்றிச் சொல்லியிருக்கலாம்.

பந்தல்குடி தாண்டிவிட்டது போல. அடுத்தது உங்கள் ஊர்தான். பையை எடுத்துக்கொள்ளுங்கள், மேலே இருக்கிறதை நான் எடுத்துத் தருகிறேன்.

அவளா? "நான் இங்கயே இருக்கேன்," என்றாள். பிறகு வாசலிலிருந்த பையை உள்ளே கொண்டுபோய், திறந்து, உடுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து, சித்தி வீட்டு அலமாரியில் பழைய இடத்திலேயே வைத்தாள்.